எலி கேக் தின்ற நாய்: கடைசி ரத்தப் பரிசோதனை வரை செய்ய வேண்டியவை

எங்கள் செவலை எலி கேக்கைத் தின்றது ஒரு வெள்ளிக்கிழமை. எங்களுக்குத் தெரிந்தது செவ்வாய்க்கிழமை. இடைப்பட்ட நாட்களில் அவள் சோறு தின்றாள், பால்காரரைப் பார்த்துக் குரைத்தாள், வழக்கம்போல வாசற்படியில் படுத்துக் கிடந்தாள். செவ்வாய் காலை முன்னங்காலை ஊன்றாமல் நொண்டினாள். முள் தைத்திருக்கும் என்று பாதத்தை விரித்துப் பார்த்தேன். முள் இல்லை. மூச்சு மட்டும் ஓடி வந்த நாய்க்கு இரைப்பதுபோல இரைத்தது. மேலுதட்டைத் தூக்கினேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு, சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெளுத்திருந்தது. அப்போதுதான் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்த நீலக் கட்டிகளின் நினைவு வந்தது. போய்ப் பார்த்தால் உறை கிழிந்து கிடந்தது. நான்கில் ஒன்றுதான் மிச்சம்.

அவள் பிழைத்தாள். அதற்கு ஆறு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அந்த வாரங்களில் கற்றுக்கொண்டதை, முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்குப் புரியும்படி வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவையும் நாட்களையும் உங்கள் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சொல்வது எதற்காக என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதலில்: தின்றது எந்த மருந்து?

‘எலி மருந்து தின்றுவிட்டது’ என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊரில் அந்தப் பெயரில் புழங்கும் மூன்று பொருள்கள் மூன்று வழிகளில் கொல்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் உதவி இன்னொன்றுக்குக் கேடாகும்.

நீலம், பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் மெழுகுக் கட்டிபோல இருக்கும் கேக்கில் பெரும்பாலும் இருப்பது புரோமாடியோலோன். உறையில் 0.005 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். இது ரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு. அறிகுறி தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும்.

கருஞ்சாம்பல் நிறப் பொடி என்றால் ஜிங்க் பாஸ்பைடு. வயல் எலிக்காக 49 பங்கு பொரியிலோ அரிசியிலோ கருவாட்டிலோ ஒரு பங்கு மருந்தைக் கலந்து வைப்பது வழக்கம். கருவாட்டு வாசனை எலியைவிட நாயை வேகமாக இழுக்கும். இந்தப் பொடி வயிற்று அமிலத்துடன் சேர்ந்ததும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். சில மணி நேரத்திலேயே வாந்தி, மூச்சுத்திணறல், வலிப்பு வரலாம். உணவு கொடுத்தால் அமிலம் அதிகமாகச் சுரக்கும் என்பதால் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களையும் பாதிக்கும். காரில் போகும்போது எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுங்கள்.

டியூபில் வரும் பேஸ்ட் பலவற்றில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். பூண்டு நாற்றம் அடிக்கும். முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு மறுநாள் நாய் தெளிந்துவிட்டது போலத் தோன்றும். அதன்பின் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும். கொழுப்பு இந்த நஞ்சை உடம்பு உறிஞ்ச உதவும் என்பதால் பால், நெய், எண்ணெய் எதையும் கொடுக்கவே கூடாது.

உறை கிடைத்தால் அதையே கையில் எடுத்துச் செல்லுங்கள். கிடைக்காவிட்டால் வாங்கிய கடையில் அதே பொருளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இனி நான் விவரமாகச் சொல்லப்போவது கேக்கைப் பற்றித்தான். உரிய நேரத்தில் பிடித்தால் மூன்றில் இதற்குத்தான் முறையான மாற்று மருந்து உண்டு. அந்த மருந்தைப் பாதியில் நிறுத்துவதால் பறிபோகும் உயிர்களும் இதில்தான் உண்டு.

தின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டால்

நாய் நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். நச்சை வெளியே எடுக்கக்கூடிய ஒரே காலம் அதுதான். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் நான்கு மணி நேரத்துக்குள், மருத்துவர் ஊசியாலோ மருந்தாலோ வாந்தி எடுக்க வைப்பார். பிறகு மிச்ச நஞ்சைக் குடலிலேயே பிடித்துக்கொள்ள மருந்துக் கரியைக் குடிக்கக் கொடுப்பார். அடுத்த ஓரிரு நாள் மலம் தார்போலக் கறுத்துப் போகும். கரி கொடுத்திருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கிளம்பும் முன் மூன்று காரியங்களை விரைவாகச் செய்யுங்கள். மருத்துவமனைக்குப் போன் செய்து மருத்துவர் இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். மிச்சமிருக்கும் கட்டிகளை எண்ணி, அதிகபட்சம் எத்தனை தின்றிருக்க முடியும் என்று கணக்கிடுங்கள். நாயின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி உங்கள் எடையைக் கழித்தால் போதும். 0.005 சதவீதம் என்றால் ஒரு கிராம் கேக்கில் 0.05 மில்லிகிராம் மருந்து. இந்த மூன்று எண்களும் இருந்தால் மருத்துவர் ஆபத்தின் அளவை அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்.

வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர், சோப்புத்தண்ணீர் என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதிக உப்பு நாயின் மூளையைப் பாதிக்கும். வாயைப் பிடித்துப் புகட்டும் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சோர்ந்து கிடக்கும் நாய்க்கும் வலிப்பு வந்த நாய்க்கும் எதைப் புகட்டினாலும் உயிருக்கு ஆபத்து.

ஏன் இத்தனை நாள் தாமதம்?

இது புரிந்தால் பின்னால் வரும் எல்லாமே புரியும். ரத்தம் உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. அந்த வேலைக்கு வைட்டமின் கே வேண்டும். உடம்பு அதை ஒரு முறை பயன்படுத்திவிட்டுப் புதுப்பித்து மறுபடியும் பயன்படுத்திக்கொள்கிறது. கேக்கில் உள்ள நஞ்சு அந்தப் புதுப்பிப்பைத்தான் நிறுத்துகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புரதங்கள் தீரும்வரை நாய்க்கு ஒன்றும் தெரியாது. தீர்ந்த பிறகு ஒரு சின்னத் துள்ளல் போதும், உள்ளே ரத்தக் கசிவு தொடங்கிவிடும்.

இந்த நஞ்சின் மூலமே மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்ததுதான். 1920களில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த குளோவர் என்ற தீவனப் பயிரின் வைக்கோலைத் தின்ற மாடுகள், கொம்பு சீவியதற்கே ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. பிற்பாடு அதே வார்ஃபரின் மனிதருக்கும் மருந்தாயிற்று. இதய வால்வு மாற்றியவர்கள் எடுத்துக்கொள்ளும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பி.டி., ஐ.என்.ஆர். பரிசோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் நாய்க்கும் அந்தப் பி.டி. பரிசோதனைதான் வழிகாட்டி. ஆனால் புரோமாடியோலோன், வார்ஃபரினுக்கு அடுத்த தலைமுறை. கல்லீரலில் வாரக்கணக்கில் தங்கிவிடும்.

சீக்கிரம் பிடித்துவிட்ட நாய்க்கு மருத்துவர் இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பார். ஒன்று, உடனே வைட்டமின் கே1 தொடங்கி வாரக்கணக்கில் கொடுப்பது. மற்றொன்று, எதுவும் கொடுக்காமல் 48 முதல் 72 மணி நேரத்தில் பி.டி. பார்ப்பது. இரண்டாவது வழி என்றால் இடையில் ‘பாதுகாப்புக்கு ஒன்று’ என்று ஒரு வைட்டமின் கே ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு ஊசியால் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வரும்; ஊசியின் பலன் தீர்ந்ததும் ரத்தம் கசியத் தொடங்கும்.

தாமதமாகத் தெரிய வந்தால்

எங்கள் நிலை அதுதான். நொண்டல், இருமல், மூச்சிரைப்பு, தோலுக்கடியில் திடீர் வீக்கம், மூக்கில் ரத்தம், சிவந்த சிறுநீர், கரி கொடுக்காமலே கறுத்த மலம், வெளுத்த ஈறு: இவற்றில் எது தெரிந்தாலும் நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். செவலையின் நொண்டலுக்குக் காரணம் மூட்டுக்குள் கசிந்த ரத்தம். மூச்சிரைப்புக்குக் காரணம் மார்புக்கூட்டில் தேங்கிய ரத்தம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலாலும் மூக்கில் ரத்தம் வரும், ஈறு வெளுக்கும். ஆகவே கேக் வீட்டில் இருந்தது என்பதைக் கேட்காவிட்டாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில் வைட்டமின் கே1 மட்டும் போதாது. அது வேலை செய்து புதுப் புரதங்கள் உருவாகப் பாதி நாளாவது ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்ற வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு மருத்துவமனையும் இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவர் அங்கே அனுப்பினால் தயங்காதீர்கள். ரத்தம் கொடுக்கும் நாயை நாமே தேட வேண்டியிருக்கலாம். பொதுவாக 25 கிலோவுக்கு மேல் எடை, ஒன்று முதல் எட்டு வயது, தடுப்பூசி போட்ட, நோயில்லாத, சாதுவான நாய் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு லாப்ரடார். அதன் வீட்டு அம்மா, போன் செய்த அரைமணி நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு நாயோடு வந்து நின்றார். இப்படி உதவக்கூடிய இரண்டு பெரிய நாய்களின் வீட்டு எண்களை இன்றே குறித்து வையுங்கள்.

மருந்துக் கடையில் கவனிக்க வேண்டியது

வைட்டமின் கே என்ற பெயரில் கே1, கே3 என்று இரண்டு கிடைக்கும். கே1 என்பது பைட்டோமெனடியோன். பைட்டோனடியோன் என்றும் எழுதுவார்கள். கே3 என்பது மெனடியோன். இந்த நஞ்சுக்கு மாற்று கே1 மட்டுமே. எங்களுக்கு ஒரு கடையில் ‘இதுவும் வைட்டமின் கேதான்’ என்று மெனடியோனைக் கொடுத்தார்கள். சீட்டில் எழுதியிருந்த பெயரையும் அட்டையில் இருந்த பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்ததால் தப்பினோம்.

அளவு, வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம். செவலை 14 கிலோ. ஒரு நாளைக்கு 70 மில்லிகிராம் என்றார் மருத்துவர். 10 மில்லிகிராம் மாத்திரையாக நாளுக்கு ஏழு, நான்கு வாரத்துக்கு 196. சின்ன ஊர்க் கடையில் இவ்வளவு இருப்பு இருக்காது. முதல் நாளே முழு எண்ணிக்கையையும் சொல்லி வரவழைக்கச் சொல்லுங்கள். நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனாலும் கதை முதலிலிருந்து தொடங்கும்.

வீட்டில் நான்கு வாரம்

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். கே1 கொழுப்பில் கரைவது. கொழுப்போடு போனால்தான் குடல் நன்றாக உறிஞ்சும். நாங்கள் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிசைந்து, அதற்குள் மாத்திரைகளைப் புதைத்துக் கொடுத்தோம். காலையில் நான்கு, இரவில் மூன்று. முதல் வாரத்தில் மஞ்சள் கருவை நக்கிவிட்டு மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் துப்பி வைத்துவிடுவாள். அதனால் அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பிறகு வாயைத் திறந்து நாக்கின் அடியில் பார்ப்பேன். சுவரில் நாள்காட்டித் தாளை ஒட்டி, கொடுத்த வேளைக்கு ஒரு கோடு போடுங்கள். வீட்டில் இருவர் மருந்து கொடுப்பதாக இருந்தால் இது மிக அவசியம். ‘நீ கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன்’ என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு வேளை போய்விடும்.

முதல் பத்து நாட்கள் ஓட்டம், தாண்டல், மாடிப்படி, மற்ற நாய்களோடு விளையாட்டு எதுவும் வேண்டாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். கட்டில், திண்ணையில் இருந்து குதிக்காதபடி தரையில் சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். எலும்பு, கடிக்கும் பொம்மை, காய்ந்த ரொட்டி வேண்டாம். ஈறு கிழிந்தால் ரத்தம் நிற்காது. குழைந்த சோறும் எலும்பில்லாத கோழிக்கறியும் போதும். கால் வலிக்கிறதே என்று வலிநிவாரண மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பல வலி மருந்துகள் ரத்தக் கசிவைக் கூட்டும். ரத்தம் எடுக்கும் இடத்தில் காலில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எடுத்த பின் ஐந்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். தடுப்பூசி, கருத்தடை அறுவை எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள்.

தினமும் காலையும் மாலையும் இரண்டு நிமிடம் ஒதுக்கி ஈறைப் பாருங்கள். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து மேலுதட்டை மெல்லத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும். அவற்றுக்குக் கீழிமையைத் தாழ்த்தி உள்பக்க நிறத்தைப் பாருங்கள். பிறகு அது தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதைத் தாண்டி, அடுத்த முறை எண்ணும்போதும் குறையாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடிவயிற்றுத் தோலில் புதிதாக ஊதா நிறக் கறை தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

செவலையின் ஈறு ஒரேயடியாகச் சிவக்கவில்லை. ரத்தம் ஏற்றிய மறுநாள் வெளிர் இளஞ்சிவப்பு. நான்காம் நாள் உள்ளங்கை நிறம். ஒன்பதாம் நாள் காலை உதட்டைத் தூக்கியபோது பழைய ரோஜா நிறம் வந்திருந்தது. நான் அவளை விட்டு எழுந்திருக்கவே இல்லை, அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எப்போது நிறுத்துவது?

நாய் நன்றாகிவிட்டது என்பது நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது. மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கும்வரை எந்த நாயும் நன்றாகத்தான் இருக்கும். கல்லீரலில் நஞ்சு தீர்ந்துவிட்டதா என்பது மாத்திரையை நிறுத்தினால்தான் தெரியும். அதனால் மூன்று முதல் நான்கு வாரக் கெடு முடிந்ததும், கடைசி வேளைக்கு 48 மணி நேரம் கழித்து பி.டி. எடுக்க வேண்டும். மாத்திரை உண்ணும்போது எடுக்கும் பரிசோதனை இதற்குப் பயன்படாது. அந்த இரண்டு நாளும் நாயைச் சங்கிலியிலேயே வைத்திருங்கள்.

கடைசி வேளை எந்த நாளில் வருகிறது என்பதை முன்கூட்டியே பாருங்கள். 48ஆவது மணி ஞாயிறிலோ பண்டிகை நாளிலோ விழாதபடி ஒன்றிரண்டு நாள் கூடுதலாகவே மாத்திரை கொடுத்துக்கொள்ள மருத்துவரிடம் கேளுங்கள். ஊரில் கால்நடைக்கென்று ஆய்வகம் இல்லாவிட்டால், மருத்துவர் வெளிர்நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து மனிதர்களுக்கான ஆய்வகத்துக்கு அனுப்புவார். குழாயில் கோடு வரை ரத்தம் இருக்க வேண்டும். குறைந்தால் விடை தவறாக வரும். எண்ணை மனிதருக்கான அளவோடு ஒப்பிட்டு நீங்களே முடிவுகட்ட வேண்டாம், நாயின் இயல்பு அளவு வேறு.

செவலைக்கு 28 நாள் முடிந்து எடுத்த பரிசோதனையில் உறையும் நேரம் இன்னும் நீண்டிருந்தது. பார்வைக்கு அவள் முழு நலமாக இருந்த நாள் அது. அன்றே நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே முடியவில்லை. மருத்துவர் மேலும் இரண்டு வாரம் எழுதினார். மறுபடி 48 மணி நேரம், மறுபடி குழாய். இந்த முறை சரியாக இருந்தது.

வீட்டிலும் வயலிலும்

ஒரு கேக் தின்ற நாய் இன்னொன்றையும் தேடும். அதை ருசியாகத்தான் செய்கிறார்கள். முதல் நாளிலேயே வீடு முழுக்கத் தேடி மிச்சத்தை அகற்றுங்கள். பரண், அரிசிப் பானைக்குப் பின்புறம், மோட்டார் அறை எல்லாவற்றையும் பாருங்கள். எலி கேக்கை இழுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் போட்டிருக்கும். செத்த எலியைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். தொடர்ந்து அப்படிப்பட்ட எலிகளைத் தின்னும் நாயும் பூனையும் ஆந்தையும் அதே நஞ்சுக்கு ஆளாகலாம்.

எங்கள் வீட்டில் இப்போது கூண்டுப் பொறிதான். நெல் மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பலகை மேல் அடுக்கியிருக்கிறோம். வயலில் மூங்கிலால் செய்த தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியை வைக்கிறோம். இரவில் ஆந்தை வந்து உட்காரப் பறவைத் தாங்கிகளை நட்டிருக்கிறோம். அக்கம்பக்கத்தில் மருந்து வைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் சண்டை போடுவதில்லை. எந்த வரப்பில், எந்த நாளில் வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கதிர் பிடிக்கும் பருவத்தில் செவலையை மாலை நேரத்தில் அவிழ்த்துவிடுவதில்லை. மருத்துவமனை எண்ணும், லாப்ரடார் வீட்டு அம்மாவின் எண்ணும் முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கின்றன.